தசமக் கணக்கில் கம்பைலரை நம்பலாமா?

பாகூர், வில்லியனூர் பக்கம் நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இன்னும் குழி, காணி என்றுதான் பேசுகிறார்கள். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. ஆனால் புதுச்சேரியின் நில ஆவணத்தில், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற முறைப்படி, ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பரப்பை எழுதுவார்கள். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். 100 சென்டியார் ஒரு ஆர். 100 ஆர் ஒரு ஹெக்டேர். ஒரு அடிக்கு 0.3048 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 24 அடி என்பது 7.3152 மீட்டர். அதை அதாலேயே பெருக்கினால் ஒரு குழிக்கு 53.51215104 சதுர மீட்டர் வரும். ஒரு காணி 53 ஆர் 51 சென்டியார் சொச்சம்.

காகிதத்தில் இந்தப் பெருக்கலுக்கு ஒரே விடைதான். கணினியில் போட்டால் அந்த விடை அச்சு அசலாக வராது. அதற்கு மிக நெருங்கிய ஏதோ ஓர் எண் வரும். அந்த நெருக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யார் வரையறுப்பது? நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் அந்த வரையறைக்குள் நிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்விகளுக்கு மிகத் தெளிவாகப் பதில் எழுதி வைத்த மொழிகளில் ஒன்று ஏடா. அதை வைத்தே இதைப் புரிந்துகொள்வோம்.

முதலில், விடை ஏன் அச்சு அசலாக வருவதில்லை? கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளால்தான் எழுதுகிறது. நம் பழைய வாய்ப்பாட்டில் உள்ள அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் கணினிக்குச் சுலபம். அவை 2, 4, 8, 16-இல் ஒரு பங்கு; மிச்சமில்லாமல் பிட்டுகளில் உட்கார்ந்துவிடும். மா, முந்திரி என்று வந்தால் சிக்கல். மா என்பது இருபதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. இரண்டு எண்களுக்குள்ளும் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. ஐந்தால் வகுத்த எதுவும் இரண்டின் அடுக்குகளில் முடிவுக்கு வராது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.3333 என்று எழுதிக்கொண்டே போக வேண்டியிருப்பதுபோல, பத்தில் ஒன்றைக் கணினி எழுதிக்கொண்டே போக வேண்டும். இடம் தீர்ந்ததும் அங்கேயே வெட்டி முழுமையாக்கிவிடும். அதனால்தான் 64 பிட் எண்களில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. இது பழுது இல்லை. அந்த எண்முறையின் இயல்பு. இப்படிப்பட்ட எண்களை ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்கள் என்பார்கள், தமிழில் மிதவைப் புள்ளி எண்கள்.

ஏடா மொழி பிறந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1970-களின் பின்பாதியில், தன் ஆயுதங்களிலும் விமானங்களிலும் பொருத்தும் கணினிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று தேடியது. பிரான்சில் ஜான் இக்பியா தலைமையில் இயங்கிய குழு வடிவமைத்த மொழி தேர்வானது. முதல் கணினி நிரலாளராகப் பலரும் கருதும் ஏடா லவ்லேஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1983-இல் தரநிலை வெளியானது. மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலை வந்தது 1985-இல்தான். அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் தன் விருப்பம்போல் எண்களை வைத்துக்கொண்டது. ஐபிஎம் பெரிய கணினிகள் பதினாறின் அடுக்குகளில் கணக்குப் போட்டன. வேக்ஸ் ஒரு வகை, க்ரே இன்னொரு வகை. ஒரே நிரலுக்கு மூன்று கணினியில் மூன்று விடை. ஏவுகணைக்கும் போர் விமானத்துக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று கிளம்பியவர்கள் இதை அப்படியே விட்டுவிட முடியாது.

அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாக் கணினியும் ஒரே விடையைத் தர வேண்டும் என்று அவர்கள் கட்டளை போடவில்லை. போட்டிருந்தால் யாராலும் நிறைவேற்றியிருக்க முடியாது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டபிள்யூ.எஸ். பிரவுன் வகுத்த ஒரு கணித மாதிரியை எடுத்துக்கொண்டு, ‘விடை இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் இருக்க வேண்டும்’ என்று எழுதினார்கள். நிரலாளர் தனக்கு எத்தனை தசம இலக்கத் துல்லியம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ‘டிஜிட்ஸ் 6’ என்று ஒரு வகையை அறிவித்தால், ஆறு இலக்கத்துக்குக் குறையாத துல்லியத்தைக் கம்பைலர் தந்தாக வேண்டும். முடியாவிட்டால் நிரலை ஏற்கவே கூடாது. இரண்டில் ஒன்று; சத்தமில்லாமல் குறைத்துக் கொடுப்பதற்கு இடமில்லை.

நம் குழிக் கணக்கை இதில் போட்டுப் பார்ப்போம். ஆறு தசம இலக்கத்துக்குக் குறைந்தது 21 பிட் வேண்டும் என்கிறது தரநிலையின் சூத்திரம். 21 பிட்டில் மிச்சமில்லாமல் எழுதக்கூடிய எண்களை மாதிரி எண்கள் என்பார்கள். 7.3152 அப்படி ஒரு மாதிரி எண் இல்லை. அதற்குக் கீழே 7.315197-ஐ ஒட்டி ஒன்று, மேலே 7.315201-ஐ ஒட்டி ஒன்று என்று இரண்டு மாதிரி எண்களுக்கு நடுவில் அது நிற்கிறது. கம்பைலர் இந்த இரண்டுக்கும் இடையில் எந்த மதிப்பையும் வைத்துக்கொள்ளலாம். இப்போது பெருக்கல். கீழ் எல்லையை அதாலேயே பெருக்க வேண்டும், மேல் எல்லையையும் அதாலேயே பெருக்க வேண்டும். வந்த இரண்டு விடைகளையும் வெளிப்பக்கமாக அடுத்த மாதிரி எண் வரைக்கும் நகர்த்த வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 53.512085 முதல் 53.512177 வரையிலான ஓர் இடைவெளி. உண்மையான விடையான 53.51215104 இதற்குள்தான் இருக்கிறது. இந்த இடைவெளிக்குள் எந்த விடை வந்தாலும் கம்பைலர் தேறிவிட்டது. 53.5122 என்று வந்தால் தேறவில்லை. பார்ப்பதற்கு நூறாயிரத்தில் சில பங்குதான் வித்தியாசம், ஆனாலும் தோல்வி தோல்விதான்.

எல்லை தெரிந்துவிட்டதால் சோதனை சுலபமாகிவிட்டது என்று தோன்றும். சோதனை எழுதுகிறவருக்கு உண்மையான தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. விடை எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கும் நிரலும் அதே கம்பைலரின் கையில்தான் கொடுக்கப்படுகிறது. எல்லையையே அது தப்பாகப் படித்தால்? அதனால் சோதனைகள் படிப்படியாக ஏறிப் போக வேண்டும். முதல் படியில் பிட்டுகளில் மிச்சமில்லாமல் அடங்கும் எண்கள் மட்டும். 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. மூன்றுமே மாதிரி எண்கள். இங்கே எல்லை என்ற பேச்சே இல்லை, விடை அப்படியே சமமாக வர வேண்டும். மிதவைப் புள்ளி எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதே என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சோதனை எழுதுகிறவருக்கு அந்தச் சமக்குறி தாராளமாகப் பயன்படும் இடம் இது. இந்தப் படியில் தேறிய பிறகே 7.3152 போன்ற எண்களைத் தொட வேண்டும்.

அடுத்த சிக்கல் கம்பைலரின் சாமர்த்தியம். 7.3152 * 7.3152 என்று நிரலில் நேராக எழுதினால், கம்பைலர் அந்தப் பெருக்கலை நிரலை மாற்றும்போதே போட்டு, விடையை மட்டும் எழுதி வைத்துவிடும். ஓடப்போகும் கணினி பெருக்கவே பெருக்காது. நாம் எதைச் சோதிக்க நினைத்தோமோ அது சோதனைக்கு வரவே இல்லை. மேலும், மாறிலிகள் மட்டுமே உள்ள கணக்குகளை மாற்றும் நேரத்தில் துளியும் பிசகாமல் போட வேண்டும் என்பது ஏடாவின் விதி. ஆகவே 0.1 + 0.2 = 0.3 என்று எண்களாகவே எழுதினால் ஏடாவில் அது மெய். அதே எண்களை 64 பிட் மாறிகளில் வைத்து ஓடும் நேரத்தில் கூட்டினால் வழக்கமான வன்பொருளில் அது பொய். இரண்டும் தரநிலைப்படி சரி! இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய சோதனை, நல்ல கம்பைலரைத் தப்பு என்று சொல்லும். தப்பான கம்பைலரைத் தேற்றிவிடும்.

ஏடாவின் அதிகாரபூர்வச் சோதனைத் தொகுப்பில் இதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. கொடுத்த எண்ணை அப்படியே திருப்பித் தருவது மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு ஃபங்ஷன். அதைத் தனிக் கோப்பில் வைத்து, தனியாக மாற்றிச் சேர்ப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது; எனவே முன்கூட்டியே கணக்குப் போடவும் முடியாது.

அந்தத் தொகுப்புக்கு ஆரம்பத்தில் ஏசிவிசி என்று பெயர். ஜான் குட்இனஃப் தலைமையில் சாஃப்டெக் என்ற நிறுவனம் உருவாக்கியது. இப்போது ஏசிஏடிஎஸ் என்ற பெயரில் தொடர்கிறது. சோதனையை எப்படி நடத்த வேண்டும், யார் சான்று தர வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 18009 என்று தனித் தரநிலையே 1999-இல் வந்தது. சில ஆயிரம் சிறு நிரல்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் முதல் எழுத்து அதன் இனத்தைச் சொல்லும். ‘பி’ இனத்தில் வேண்டுமென்றே பிழை வைத்திருப்பார்கள். கம்பைலர் அதைப் பிடித்து நிராகரிக்க வேண்டும். வன்பொருளால் தர முடியாத இலக்கத் துல்லியத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கு இந்த இனம்தான் பொருத்தம். ‘சி’ இனம் ஓடி, தன்னைத்தானே சரிபார்த்து, தேறியது, தவறியது, பொருந்தாது என்று எழுதும். ‘டி’ இனம் மிகப் பெரிய எண்களை மாற்றும் நேரத்தில் பிசகாமல் கணக்கிடுகிறதா என்று பார்க்கும். ‘பொருந்தாது’ என்ற விடை முக்கியமானது. எண் எல்லை மீறினால் சில வன்பொருள்கள் பிழை எழுப்பும், சில முடிவிலி என்று ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு போகும். இரண்டையும் தரநிலை அனுமதிப்பதால், ஒன்றுக்கான சோதனை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் ‘ஏடா’ என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பதிவு பெற்ற வணிகப் பெயராகவும் இருந்தது. 1987 வரை, தேறாத கம்பைலரை அந்தப் பெயரில் விற்க வழியில்லை. முதலில் தேறியது 1983 ஏப்ரலில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஏடா/எட்.

1995 தரநிலையில் எண்கணிதத்துக்கென்று ஜி என்ற தனிப் பின்னிணைப்பு சேர்ந்தது. வர்க்கமூலம், சைன், கொசைன் ஆகியவற்றில் பிழை அந்த வகையின் எப்சிலானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. லாக், எக்ஸ்போனென்ஷியல், டேன் போன்றவற்றுக்கு நான்கு மடங்கு. ஹைப்பர்பாலிக் சார்புகளுக்கு எட்டு மடங்கு. எப்சிலான் என்பது 1-க்கும் அதற்கு அடுத்த மாதிரி எண்ணுக்கும் உள்ள இடைவெளி. ஆனால் சைன் மதிப்பு சரியா என்று பார்க்க, உண்மையான மதிப்பை எங்கே போய்த் தேடுவது? வில்லியம் கோடி, வில்லியம் வெய்ட் என்ற இருவர் 1980-இல் எழுதிய கையேடு ஒரு வழி காட்டியது. பள்ளியில் படித்த சூத்திரத்தையே கட்டளைக் கல்லாக வைத்துக்கொள்வது. ஒரு கோணத்தின் சைனை, அதில் மூன்றில் ஒரு பங்குக் கோணத்தின் சைனைக் கொண்டு எழுத முடியும் அல்லவா? இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோணமும் அதன் மூன்றில் ஒரு பங்கும் இரண்டுமே பிட்டுகளில் மிச்சமில்லாமல் அடங்கும்படி கோணத்தை முதலிலேயே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் வகுத்தலின் பிழை கம்பைலரின் தலையில் விழும்.

முழுமையாக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. 2.5-ஐ முழு எண்ணாக மாற்றினால் ஏடாவில் 3, மைனஸ் 2.5 மைனஸ் 3 ஆகும். 1983 தரநிலை இந்தச் சரிபாதி நிலையைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருந்தது, 1995-இல்தான் கட்டாயமாக்கினார்கள். சி மொழி புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி 2 என்று சொல்லும். ஆகவே சி மொழிக்கான கருவிகளின் மேல் ஏடா கம்பைலரைக் கட்டுகிறவர்கள் இங்கே வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். 0.5-ஐக் கூட்டிவிட்டு வெட்டினால் போதும் என்று சுருக்குவழி எடுத்தால் 2.5-க்குச் சரியாக வரும். ஆனால் 64 பிட்டில் 0.5-க்குச் சற்றே கீழே உள்ள 0.49999999999999994-ஐக் கொடுத்துப் பாருங்கள். அதனுடன் 0.5-ஐக் கூட்டும்போதே கூட்டுத்தொகை 1 ஆக முழுமையாகிவிடும். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வரும். ஜாவா மொழியின் பழைய பதிப்பு ஒன்றில் இதே பிழை இருந்தது. சோதனைக்கு எண் தேர்ந்தெடுக்கும் கலை என்பது இதுதான். ஆயிரம் சாதாரண எண்களைவிட, எல்லையில் நிற்கும் இந்த ஓர் எண் அதிகம் சொல்லிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் யாருக்குத் தேவை? கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018-இல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு வந்தது. பெங்களூரில் வடிவமைத்து, 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக, தானாக நிலைத்து நிற்காதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் கணினி இடைவிடாமல் இறக்கைப் பரப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானியின் கைப்பிடி அசைவும் உணரிகளின் அளவீடுகளும் அந்தக் கணினிக்குள் எண்களாகப் போகின்றன. அங்கிருந்து இறக்கைக்கு ஆணை வருகிறது. அந்தக் கணினியில் நான்கு தடங்கள், தடத்துக்கு ஒரு மின்வழங்கி. அதன் மென்பொருளை ஏடா மொழியின் ஒரு பாதுகாப்பான பகுதியை மட்டும் பயன்படுத்தி எழுதினார்கள்.

நான்கு தடம் எதற்கு? ஒன்று கெட்டுப்போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும் என்பதற்காக. வன்பொருள் பழுதுக்கு இது அருமையான காப்பு. ஆனால் நான்கிலும் ஒரே கம்பைலர் மாற்றித் தந்த ஒரே நிரல் ஓடும்போது, கம்பைலர் ஒரு முழுமையாக்கலைத் தப்பாகச் செய்திருந்தால் நான்கும் ஒரே தப்பைச் செய்யும். ஒன்றையொன்று பார்த்துச் சரி என்றும் சொல்லும். வாக்கெடுப்பு இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. அதைத் தரையிலேயே, விமானம் ஓடுதளத்தைத் தொடும் முன்பே பிடித்தாக வேண்டும். கம்பைலர் சோதனையின் மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அதே நேரத்தில், தேறிய கம்பைலர் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் சிதறியது. அதன் வழிகாட்டும் மென்பொருள் ஏடாவில் எழுதியதுதான். 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது இடம் போதவில்லை. மொழியின் விதிப்படி பிழை எழுந்தது. அதை ஏந்திக்கொள்ள நிரலில் யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஏரியான் 4-இன் மென்பொருளை, புதிய ராக்கெட்டின் வேகத்துக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் எடுத்து வைத்திருந்தார்கள். அங்கே கம்பைலர் தன் கடமையைச் சரியாகவே செய்தது. இன்னொரு பக்கம், 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் சுற்றிலேயே பிழை இருந்தது தெரியவந்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. எவ்வளவு நல்ல கம்பைலராக இருந்தாலும் அந்தச் சிப்பில் இந்த எண்களை வகுக்கச் சொன்னால் விடை தப்புத்தான். அதனால்தான் கம்பைலரைத் தனியாகச் சோதிப்பதில்லை; அது ஓடும் கணினி, மாற்றித் தரும் நிரல் ஓடப்போகும் கணினி இரண்டையும் குறிப்பிட்டே சான்று தருகிறார்கள்.

சான்றைப் படிக்கும்போது வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். கம்பைலரின் எந்தப் பதிப்பு? சோதனையின்போது என்னென்ன ஆப்ஷன்கள் போட்டிருந்தார்கள்? வேகத்துக்காகக் கணக்கின் வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஆப்ஷனை நீங்கள் பிறகு சேர்த்தால், அந்தச் சான்று உங்கள் நிரலுக்குப் பேசாது. பின்னிணைப்பு ஜி கட்டாயமில்லை. அதைக் கோராத கம்பைலரிடம் சைன், கொசைனின் துல்லியத்தை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். கோரியிருந்தாலும் அந்த எல்லைகள், துல்லிய விதிகளைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் ‘கண்டிப்பு முறை’யில் கம்பைலரை ஓட்டும்போது மட்டும்தான் செல்லும். இவற்றைப் பார்க்காமல் ‘சான்று பெற்ற கம்பைலர்’ என்ற சொல்லை மட்டும் நம்புவது ஆபத்து.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உண்மையாகவே ஆர், சென்டியார் கணக்கோ ரூபாய்க் கணக்கோ எழுதுகிறவர்கள் மிதவைப் புள்ளி எண்களின் பக்கமே போக வேண்டாம். ஏடாவில் அதற்கென்று தசம நிலைப்புள்ளி வகை இருக்கிறது. ஒரு சென்டியாரில் நூறில் ஒரு பங்கு என்று சொல்லி வைத்தால் அது பிசகாமல் நிற்கும். குழியை நான் இங்கே எடுத்துக்கொண்டது எல்லை என்றால் என்ன என்று காட்டுவதற்குத்தான்.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் பேருந்து ஏறிப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் பெங்களூருக்குப் போன பிறகு பார்க்கும் வேலை என்று எண்ண வேண்டாம். ஜிநாட் என்ற ஏடா கம்பைலர் இலவசம். டெபியன், உபுண்டு லினக்ஸ் கணினிகளில் நேரடியாக நிறுவலாம். ஏசிஏடிஎஸ் தொகுப்பின் மூலநிரலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. சிஎக்ஸ்ஜி என்று தொடங்கும் கோப்புகள் பின்னிணைப்பு ஜி-க்கானவை. அவற்றில் வர்க்கமூலத்துக்கான சோதனையை முதலில் படியுங்கள். பிறகு சொந்தமாக ஒன்று எழுதுங்கள். டிஜிட்ஸ் 6 வகையில் 7.3152-ஐ, கம்பைலர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடாதபடி ஒரு ஃபங்ஷன் வழியாக வாங்கிப் பெருக்கி, விடை 53.512085-க்கும் 53.512177-க்கும் இடையில் வருகிறதா என்று பாருங்கள். இன்றைய கணினிகள் 21 பிட் கேட்டால் 24 பிட் தருவதால் அநேகமாகத் தேறிவிடும். அடுத்து 0.5-க்குச் சற்றே கீழே உள்ள அந்த எண்ணைக் கொடுத்து முழு எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஆப்ஷன் என்பதையும் விடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அவை இல்லாத சோதனை முடிவு யாருக்கும் பயன்படாது.